கோழிவலை ஆன்ட்டெனாவும் கரிசக்காட்டு வகுப்பறையும்

ஸ்கூல்ல வீடியோ போட்டு பாடம் நடத்துறதை ஏதோ புதுசு மாதிரி பேசுறாங்க மக்களே. 1975லயே நடந்திருக்கு!

அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு, நாசாவோட ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளை அனுப்பியது. 'சைட்' திட்டம்னு பேரு. கோழிவலைக் கம்பியில செஞ்ச 10 அடி ஆன்ட்டெனா. காலையில பிள்ளைகளுக்கு இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்குன்னு மொழிக்கு 22½ நிமிஷம். தமிழ் இல்ல, தமிழ்நாடும் இல்ல. கொழும்புல ஆர்தர் சி. கிளார்க் வீட்டுக்கே போய் ஆன்ட்டெனா மாட்டிக் கொடுத்தாங்க. எங்க கோவில்பட்டிக்கு வரல (கடுப்பாத்தான் இருக்கு). அதே ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்ச சென்னைத் தொலைக்காட்சியும் கரிசக்காட்டுக்கு எட்டல.

ஆனா அந்தப் பாடத்துல ஒரு சிக்கல். ஓடிட்டு இருக்கும்போது ஒரு பையன் "சார், புரியல"ன்னா நிறுத்த முடியாது. வாத்தியாரும் பிள்ளைகளோட உக்காந்து பார்க்க வேண்டியதுதான். 2019 ஆகஸ்ட்ல வந்த கல்வித் தொலைக்காட்சியும் அட்டவணைப்படி ஓடுறதுதான் (யூட்யூப்ல கிடைக்கிறது தனிக்கதை).

என்னைக் கேட்டா, நிஜமான மாற்றம் 2018ல 1, 6, 9, 11ஆம் வகுப்புப் புதுப் பாடநூல்கள்ல அச்சான க்யூஆர் கோடுதான். கணக்கோ அறிவியலோ, ஃபோனைக் காட்டினா வீடியோ. மகரந்தச் சேர்க்கை பாடத்தைப் பாதியில நிறுத்தி, பிள்ளைகளைப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பூவைக் காட்டிட்டு, வந்து மிச்சத்தை ஓட்டலாம். நிறுத்துற பட்டன் வாத்தியார் கையில வர 43 வருஷம்!

'சைட்' பார்த்த பிள்ளைகளுக்கு இப்ப அறுபதை ஒட்டின வயசு இருக்கும். உங்க தெலுங்கு, கன்னட நண்பர்களோட அப்பா அம்மா யாராவது பார்த்திருந்தா, கேட்டுச் சொல்லுங்களேன்.