திருக்கோவிலூர் கல்வெட்டும் தொடர்கதைச் சண்டையும்

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் அதோடு வந்து சேர்ந்தது. அங்குள்ள வீரட்டானேசுவரர் கோவிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. சுந்தர சோழன் இறந்ததும் கைக்குழந்தையை விட்டுவிட்டு உடன்கட்டை ஏறிய மலையமான் குலத்து வானவன் மாதேவியை அது சொல்கிறது. பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டு, பெண்ணையாற்றுப் பாறையில் கபிலர் தீப்புகுந்ததும் அதே கல்வெட்டில்தான்!

ஆனால் மலையமானைத் தமிழ்நாட்டுக்கே அறிமுகப்படுத்தியது கல்வெட்டு இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கல்கியின் பொன்னியின் செல்வன்.

க.நா.சு. போன்ற விமர்சகர்கள் கல்கியைப் பெரிய இலக்கியமாக ஏற்கவில்லை. சண்டை பழசு. 1933-ல் பிறந்த மணிக்கொடி ஒருபக்கம், கல்கி ஆசிரியராக இருந்த ஆனந்த விகடன் மறுபக்கம். மணிக்கொடியில் எழுதிய புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயில், வறுமையில் இறந்தார். 1959-ல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கிய சி.சு.செல்லப்பா, புத்தகங்களைத் தானே சுமந்து ஊர் ஊராக விற்றார். குமுதமும் விகடனும் கடைக்குக் கடை தொங்கிய காலம் அது... கோபம் வராமல் என்ன செய்யும்?

விமர்சகர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒவ்வொரு வாரமும் 'அடுத்து என்ன?' என்று நிறுத்தியாக வேண்டிய கதையில் மனித மனம் ஆழமாகத் தெரிவது கஷ்டம். ஆனால் அந்த 'அடுத்து என்ன?' இல்லாவிட்டால் மலையமானை யார் தேடியிருப்பார்கள்?

சுஜாதா இந்தக் கோட்டை மதிக்கவே இல்லை. வார இதழ்களில் கணேஷ்-வசந்த் துப்பறிய, கணையாழியில் கடைசிப் பக்கம் எழுதினார்.