துடுப்பாட்ட வழக்கில் இனப்பெயர்கள்: நகைச்சுவையும் இழிபொருட்பேறும்

ஒரு சொல் உயர்ந்த பொருளிலிருந்து தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். 'நாற்றம்' என்னும் சொல் பண்டு நறுமணத்தையும் குறித்தது. இன்று தீநாற்றத்தையே குறிக்கின்றது. இம்மாற்றத்தினால் எவரும் நோவதில்லை. ஆனால் ஒரு மக்கட் கூட்டத்தின் பெயர் இவ்வாறு இறங்குமாயின், அது அப்பெயருக்குரியவரின் வாழ்வைத் தொடுகின்றது. இவ்விறக்கம் பெரும்பாலும் சினத்தினால் மட்டுமன்றிச் சிரிப்பினாலும் நிகழ்கின்றது. துடுப்பாட்டத்தின் வரலாறு இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். பேரரசொன்றின் பல இனத்தவரையும் ஒரே ஆடுகளத்திற் சேர்த்த விளையாட்டு அது. வேடிக்கைக் கதைகளைப் பேணிவந்த விளையாட்டும் அதுவே.

முதலில் 'சைனாமன்' என்னும் கலைச்சொல்லை நோக்குவோம். இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்து, வலக்கை ஆட்டக்காரருக்கு வெளிப்புறமிருந்து உட்புறமாகத் திரும்பும். இப்பந்துக்கே அப்பெயர் வழங்கியது. சீனன் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பெயர் வந்த வகை பற்றி ஒரு கதை உண்டு. 1933ஆம் ஆண்டு மஞ்செஸ்ரர் நகரின் ஓல்ட் ரபேட் மைதானத்தில் இங்கிலாந்தும் மேற்கிந்திய அணியும் மோதின. திரினிடாட்டைச் சேர்ந்தவரும் சீன வமிசத்தவருமான எலிஸ் அச்சொங்கின் பந்தை அடிக்க முன்னேறிய வோல்டர் றொபின்ஸ், விக்கெற் காப்பாளரால் ஆட்டமிழக்கச் செய்யப்பட்டார். ஒரு சீனனிடம் ஏமாந்தேனே என்று அவர் வசைச்சொல் கலந்து அலுத்துக்கொண்டதாகவும், நீர் குறிப்பது பந்தையா, பந்துவீச்சாளரையா என லியறி கொன்ஸ்ரன்ரைன் வினவியதாகவும் கூறுவர்.

இக்கதை சுவையானது, ஆயின் சொற்பிறப்பிற்குச் சான்றாகாது. யோக்ஷயர் வீரரான றோய் கில்னர் தொடர்பில் 1926ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்துச் செய்தித்தாளில் இச்சொல் இடம்பெற்றுள்ளது. மேலும், அச்சொங் பெரும்பாலும் விரல்களாற் பந்தைச் சுழற்றியவர். மணிக்கட்டுப் பந்தை இடையிடையேதான் வீசினார். எனவே அவர் ஒருவரால் அப்பெயர் பிறந்தது எனக் கொள்ளல் பொருந்தாது. எனினும், கொன்ஸ்ரன்ரைன் கேட்டதாகச் சொல்லப்படும் வினா நம் ஆய்வுக்கு முதன்மையானது. நகைச்சுவை முழுவதும் பந்து, மனிதன் ஆகிய இரண்டின் மயக்கத்திலேயே நிற்கின்றது. அம்மயக்கத்தைச் சுட்டிக்காட்டியவர் நிறவேற்றுமையைத் தம் வாழ்விலே கண்டவர். 1943ஆம் ஆண்டு இலண்டன் விடுதியொன்று நிறங்கருதித் தங்க இடமளிக்க மறுத்தபோது, அவர் வழக்குத் தொடுத்து 1944இல் வென்றார்.

அச்சொல் ஆங்கிலத்தில் எப்பொழுதும் இழிசொல்லாக இருந்ததன்று. ஆங்கிலேயரைக் குறிக்கும் சொல்லைப் போலவே அமைந்த வெறும் இனப்பெயராக அது ஒரு காலத்தில் வழங்கியது. அதனை மாற்றியது வரலாறே. கலிபோர்ணியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பொன் தேடிச் சென்ற சீனத் தொழிலாளர் மீது பகைமை வளர்ந்தது. ஐக்கிய அமெரிக்கா 1882இல் சீனர் வருகையைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அவுஸ்திரேலியா 1901இல் வெள்ளையரல்லாதாரின் குடிவரவைக் கட்டுப்படுத்தியது. அக்காலப் புனைகதைகளும் நாடகங்களும் சீனரை வஞ்சகராகவே சித்திரித்தன. ஏமாற்றும் பந்துக்குச் சீனரின் பெயர் ஒட்டிக்கொண்டமை இச்சூழலிற் புதிரன்று. சொல்லின் ஒலி மாறவில்லை. அதனைக் கேட்டவர்க்கு நினைவுக்கு வந்தவையே மாறின.

அவ்வாறாயின், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆடுகளத்தில் அச்சொல்லுக்குப் பரவலான எதிர்ப்பு எழாதது ஏன்? அதனாற் குறிக்கப்பட்டவர் அவையில் இருந்து விடை கூறும் நிலையில் இல்லாமையே காரணம் என்பது நம் கருத்து. 2017ஆம் ஆண்டு தர்மசாலாவில் குல்தீப் யாதவ் தமது முதல் டெஸ்ற் ஆட்டத்தை ஆடியபோது அச்சொல் மிகுதியாக வழங்கியது. அப்பொழுது சீன வமிசத்தவரான அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் அன்ட்றூ வூ அதனை மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த விஸ்டன் ஆண்டுமலர் அச்சொல்லைக் கைவிட்டது. புண்படுதல் 2017இல் தோன்றியதன்று. அதனை எடுத்துரைக்கும் குரலே அப்போது செவிமடுக்கப்பட்டது.

இக்கருத்தை வேறு நிகழ்ச்சிகளும் வலியுறுத்துகின்றன. 2003ஆம் ஆண்டு பிறிஸ்பேனில் ஆட்டமிழந்து திரும்பிய டரன் லீமன், இலங்கை வீரரைக் குறித்து நிறஞ்சார்ந்த வசைச்சொல்லை வீசினார். எவரது முகத்துக்கு நேராகவும் அவர் அதனைக் கூறவில்லை. ஆயினும் அது இலங்கை அணியினர் காதில் விழுந்தது. அவர் ஐந்து ஆட்டங்களுக்குத் தடைசெய்யப்பட்டார். 2006ஆம் ஆண்டு கொழும்பில், ஒலிவாங்கி அடங்கிவிட்டதெனக் கருதிய வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ், தாடி வைத்த முஸ்லிம் வீரரான ஹஷிம் அம்லாவைப் பயங்கரவாதி எனக் கேலி செய்தார். உடனே பணியை இழந்தார். தம்மவர் மட்டுமே உள்ள அறையில் வேடிக்கையாகத் தோன்றிய சொல், சுவருக்கு அப்பாற் சென்றவுடன் தன் உண்மை உருவைக் காட்டியது.

சொல்லின் பொருள் விளங்காமையும் இத்தகைய சுவரே. இந்தியாவில் ஆடியபோது தம்மையும் இலங்கை வீரர் திசர பெரேராவையும் 'காலு' என அழைத்தனர் என்றும், அது வலிமையைக் குறிக்கும் சொல் எனக் கருதி மகிழ்ந்ததாகவும் மேற்கிந்திய வீரர் டரன் சமி 2020ஆம் ஆண்டு கூறினார். கறுப்பன் என்பதே பொருளெனப் பின்னர் அறிந்து சினந்தார். அழைத்தவருள் ஒருவர், அன்பினாலேயே அவ்வாறு அழைத்ததாக அவரிடம் விளக்கினார் என்பர். அன்பு மெய்யாகவே இருந்திருக்கலாம். ஆயினும் ஒரு பெயரின் சுமையை அளப்பவர் அதனைச் சூட்டியவரல்லர், சுமப்பவரே.

'வேடிக்கைக்காகவே சொன்னேன்' என்பது காலந்தோறும் கூறப்படும் விடை. பாகிஸ்தானியரைக் குறிக்கும் ஆங்கிலக் குறுக்கச் சொல், தோற்றத்தில் வெறும் சுருக்கமே. 1960களின் பிற்பகுதி முதல் இங்கிலாந்துத் தெருக்களில் ஆசியக் குடியேறிகளைத் தாக்கியோர் வாயில் அது வழங்கியமையால் வன்முறையின் நினைவு அதிற் படிந்தது. யோக்ஷயர் கழகத்தில் அசீம் றபீக்கை நோக்கி அச்சொல் பயன்படுத்தப்பட்டதை, நட்புமுறையான கேலி என விசாரணையாளர் கருதினர் என்ற செய்தி 2021இல் பெருங்கண்டனத்தை எழுப்பியது. அவ்வாண்டு நவம்பரில் அவர் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியமளித்தார். அதே மாதத்தில், 2011ஆம் ஆண்டு யூதரை இகழ்ந்து தாம் எழுதிய செய்திகள் வெளிவர, அவர் மன்னிப்புக் கோரினார். புண்பட்டவரும் பிறரைப் புண்படுத்தக் கூடும் என்பதையே இது காட்டுகின்றது. அவர் பட்ட புண்ணை இது பொய்யாக்கவில்லை.

சொல்லின் மூலத்தைக் காட்டி அதன் இன்றைய பொருளை மறுப்பதும் பொருந்தாது. தென்னாபிரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்திய வமிசத்தவரை இழித்துரைக்கும் 'கூலி' என்னும் சொல்லை எண்ணிப் பார்க்கலாம். அது தமிழ்ச் சொல்லே என்பாரும், குஜராத்தின் கோலி என்னும் குலப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். தமிழில் அது உழைப்பின் ஊதியம். கரும்புத் தோட்டத்தில் அது மனிதனின் விலையாயிற்று. அகராதியில் அதற்கு நற்பொருள் உண்டு எனக் கூறி அங்குள்ளவரை நாம் ஆறுதற்படுத்த முடியுமா?

இலங்கையில் 'சைனாமன்' என்னும் சொல் பகைமையின்றியே வழங்கி வந்தது. 2016ஆம் ஆண்டு பல்லேகலையில் தமது முதல் டெஸ்ற் ஆட்டத்தில் அவுஸ்திரேலியாவின் ஏழு விக்கெற்றுகளை வீழ்த்திய லக்ஷான் சந்தகனை நாம் அப்பெயராலேயே பாராட்டினோம். செஹான் கருணாதிலகவின் புகழ்பெற்ற நாவலும் அத்தலைப்புடையது. அந்நூலின் பெயரை அழிக்கவேண்டும் என்பது நம் கருத்தன்று. வரலாற்றை வரலாறாகவே பேணுதல் தகும். ஆனால் 'இடக்கை மணிக்கட்டுச் சுழற்பந்து' என்னும் தொடர் எவரையும் நோகச் செய்யாததோடு, பந்து வீசப்படும் முறையையும் தெளிவாக உணர்த்துகின்றது. இம்மாற்றத்தால் மொழிக்கு இழப்பு யாதுமில்லை.

பிறர் வாயிற் பிறந்த சொற்களை ஆராய்வது எளிது. மலையக மக்களைக் குறிக்க இந்நாட்டில் வழங்கிய 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' ஆகிய சொற்களுள் பின்னையது தமிழரே தமிழரைச் சுட்டப் படைத்ததாகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள்மீது, தம் மொழி பேசுவோரே அச்சொல்லை நகைச்சுவையாக வீசினர். மலையகத் தமிழர் என்னும் பெயரை அம்மக்கள் தாமே வேண்டி நிலைநிறுத்தினர். தன் பெயரைத் தானே தெரியும் உரிமை ஒவ்வொரு சமூகத்திற்கும் உண்டு. பந்தையா, மனிதனையா என்ற வினாவை நாம் நம் சிரிப்பின் முன்னும் எழுப்புதல் வேண்டும்.