காத்து வைத்த நீரின் கதை

ஆராய்ச்சிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் நாள்தோறும் மிகுதியாகப் பயன்படும் பொருள் நீரே ஆகும். பொடியாக வரும் மருந்தைக் கரைப்பதற்கும், செறிந்த சீரத்தை நீர்க்கச் செய்வதற்கும், ஆய்வுக்குரிய பொருளைப் பத்தில் ஒன்றாகவும் நூறில் ஒன்றாகவும் குறைப்பதற்கும் கிருமியற்ற நீர் வேண்டும். அத்தகைய நீரை ஆக்குவது இன்று அரிதன்று. ஆக்கிய நீரைத் திறந்த பின்னும் கெடாமல் காப்பதே அரிது. இதனை உலகம் உணர்ந்துகொள்ள எத்தனை உயிர்களைப் பலிகொடுக்க வேண்டியிருந்தது என்பதை மருத்துவ வரலாறு காட்டுகிறது.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் பலரும் அறிந்தவை. அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்த கண்ணாடிக் குடுவையில் காய்ச்சிய சாறு பல நாட்கள் தெளிவாகவே இருந்தது. குடுவையின் கழுத்தை ஒடித்ததும் அது கெட்டது. வெப்பம் கிருமிகளைக் கொல்லும். ஆயினும் பின்னர் வந்து சேரும் கிருமியை முன்னர் ஏற்றிய வெப்பம் தடுக்காது. இந்த எளிய உண்மையில்தான் பிற்காலத்துத் துயரங்களுக்கெல்லாம் விளக்கம் இருக்கிறது.

முல்கோவாலில் நேர்ந்தது

1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், பஞ்சாபைச் சேர்ந்த முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்குப் பிளேக் நோய்த் தடுப்பூசி போடப்பட்டது. அவர்களுள் 19 பேர் டெட்டனஸ் என்னும் இசிவு நோய் கண்டு மாண்டனர். அன்று திறக்கப்பட்ட புட்டிகள் ஐந்து. மாண்ட 19 பேரும் ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்றவர்களாவர்.

அம்மருந்தைக் கண்டவர் பம்பாயில் பணியாற்றிய வால்டெமார் ஹாஃப்கின். 1897-இல் அதனை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்துக்கொண்டவர் அவர். மருந்து கெடாமலிருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பது முன்னைய வழக்கம். பெருமளவில் விரைந்து ஆக்க வேண்டிய நெருக்கடியில், அதனை விடுத்து வெப்பத்தை நம்பும் முறை பின்பற்றப்பட்டிருந்தது. ஆகவே விசாரணைக் குழுவின் ஐயம் ஆய்வுக்கூடத்தின் மீதே விழுந்தது. ஹாஃப்கின் பொறுப்பினின்றும் விலக்கப்பட்டார்.

ஆனால், புட்டியைத் திறந்த உதவியாளர் தம் கையிலிருந்த இடுக்கியைத் தரையில் தவறவிட்டார் என்பதும், அதனைத் தீயில் காட்டாமல் மீண்டும் பயன்படுத்தினார் என்பதும் சாட்சியங்களில் வெளிவந்திருந்தன. மண்ணில் இசிவு நோய்க் கிருமியின் வித்துகள் இருப்பது இயல்பு. மலேரியா ஆராய்ச்சியால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் 1907-இல் வெளிப்படையாக வாதாடிய பின்னரே ஹாஃப்கின் மீதிருந்த பழி நீங்கியது. கல்கத்தாவில் அவருக்கு மீண்டும் பணி கிடைத்தது. ஆயினும் ஐந்து ஆண்டுகள் வீணாயின.

நீரில் எஞ்சிய நஞ்சு

கிருமியைக் கொன்றுவிட்டால் போதும் என்ற எண்ணமும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஊசி போட்டபின் சிலருக்குக் காரணமின்றிக் கடுங்காய்ச்சல் வருவதைக் கண்ட மருத்துவர்கள் மருந்தையே குறை கூறி வந்தனர். அமெரிக்க அறிவியலாளரான ஃபுளோரன்ஸ் சீபர்ட் அம்மையார், குற்றம் மருந்தைக் கரைத்த நீரிலேயே இருக்கக்கூடும் என்று 1923-இல் மெய்ப்பித்தார். வாலையில் வடித்த நீரிலும் கிருமிகள் வளரக்கூடும். பின்னர்க் காய்ச்சினால் அவை மடியும். ஆனால் அவற்றிலிருந்து பிறந்த நஞ்சு கொதியாலும் அழியாது. எனவே நீர்த்துளிகள் தெறித்துக் கலக்காதபடி கவனமாக வடித்தலும், வடித்த நீரைத் தாமதமின்றிக் கிருமிநீக்கி அடைத்தலும் இன்றியமையாதவை ஆயின.

பண்டபர்க்கின் பன்னிரண்டு குழந்தைகள்

1928-ஆம் ஆண்டு சனவரி மாதம். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துப் பண்டபர்க் நகரில், தொண்டை அடைப்பான் நோயைத் தடுக்கும் ஊசி குழந்தைகளுக்குப் போடப்பட்டு வந்தது. இரப்பர் மூடியிட்ட புட்டி ஒன்றிலிருந்து பல நாட்களில் சிறிது சிறிதாக மருந்து எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் யாருக்கும் தீங்கு நேரவில்லை. சனவரி 27-ஆம் நாள் 21 குழந்தைகள் அதே புட்டியிலிருந்து ஊசி பெற்றனர். அவர்களுள் 12 குழந்தைகள் இரண்டு நாட்களுக்குள் இறந்தன.

மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் இயக்குநரான சார்ல்ஸ் கெல்லவே தலைமையில் அரச விசாரணைக் குழு அமர்ந்தது. மருந்தில் காப்புப் பொருள் எதுவும் இல்லை என்பதையும், முந்திய நாட்களில் ஊசி நுழைந்தபோது புகுந்த ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி கோடை வெப்பத்தில் பல்கிப் பெருகிற்று என்பதையும் குழு கண்டறிந்தது. கிருமி வளரக்கூடிய எந்த மருந்தையும், அவ்வளர்ச்சியைத் தடுக்கப் போதிய காப்புப் பொருள் சேர்க்காமல், பலமுறை எடுக்கும் புட்டியில் வழங்கலாகாது என்பது குழுவின் பரிந்துரை. திறந்து மூடும் புட்டிகளில் காப்புப் பொருள் இருக்க வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றதற்கு இத்துயரமும் ஒரு காரணம்.

காப்பின் விலை

மருந்தைக் கரைக்கும் நீருக்கும் இக்கொள்கை பொருந்திற்று. காப்பிட்ட ஊசி நீரில் பென்சைல் ஆல்கஹால் பெரும்பாலும் 0.9 விழுக்காடு கலந்திருக்கும். அது கிருமிகளின் வளர்ச்சியை அடக்கி வைக்குமேயன்றி, எல்லாவற்றையும் கொல்லும் என்று கொள்ளலாகாது. அதனாலேயே அமெரிக்க மருந்து நூலின் விதி, இந்நீரை 30 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியில் அடைப்பதற்கு இடந்தரவில்லை. புட்டியை முதன்முதலாகத் துளைத்த நாளை அதன்மேல் எழுத வேண்டும். ஆக்கியோர் வேறு காலம் குறிக்காவிடில் 28 நாட்களுக்குப் பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் இரப்பர் மூடியை ஆல்கஹாலால் துடைத்துப் புதிய ஊசியையே நுழைக்க வேண்டும்.

ஆனால் காவலனே பகையாவதும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் இரத்தக் குழாயில் செருகிய சிறு குழல்களைக் கழுவவும், அவர்களுக்குரிய மருந்துகளைக் கரைக்கவும் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் காப்பிட்ட நீரும் உப்புநீரும் பயன்பட்டு வந்தன. பென்சைல் ஆல்கஹால் உடலில் பென்சாயிக் அமிலமாக மாறும். வளர்ந்தோரின் கல்லீரல் அதனை எளிதில் மாற்றி வெளியேற்றிவிடும். முதிராத கல்லீரலுக்கு அந்த ஆற்றல் இல்லை. இரத்தத்தில் அமிலம் மிகுந்து, குழந்தைகள் மூச்சுத் திணறி மாண்டன. இரண்டு மருத்துவ நிலையங்களிலிருந்து 16 மரணங்கள் 1982-இல் அறிவிக்கப்பட்டன. பிறந்த குழந்தைகளுக்கு இந்நீரைப் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கை அவ்வாண்டிலேயே பிறந்தது.

ஆய்வு மேசையில்

ஆய்வு செய்வோரும் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. ஒரு புட்டி மருந்துப் பொடியைக் கரைத்துச் சில நாட்கள் வைத்து எடுப்பதற்கு, அம்மருந்துக்கு ஒவ்வுமாயின், காப்பிட்ட நீர் ஏற்றது. உயிருள்ள கிருமிகளை எண்ண வேண்டிய ஆய்வுக்கு அது ஒவ்வாது. எண்ண வேண்டியவற்றை நீரே அடக்கிவிட்டால் கணக்கு எவ்வாறு மெய்யாகும்? உயிருள்ள தடுப்பூசி மருந்தை அதில் கரைப்பதும் தவறு. சில புரதங்கள் பென்சைல் ஆல்கஹாலில் திரிந்து திரண்டுவிடும்.

வெறும் வடிநீர் மட்டும் குற்றமற்றதா? அதுவும் இல்லை. வழக்கமான பல நீர்ப்புப் பொருள்களில் நுண்ணுயிர்கள் விரைந்து மடிவதை ஸ்ட்ராக்கா, ஸ்டோக்ஸ் என்னும் இருவர் 1957-இல் எடுத்துக்காட்டினர். 0.1 விழுக்காடு பெப்டோன் சேர்த்த நீரில் அவ்வழிவு பெரிதும் தவிர்க்கப்பட்டது. நுண்ணுயிர் எண்ணும் ஆய்வுகளில் பெப்டோன் நீர் இன்றும் கையாளப்படுகிறது.

முல்கோவாலில் ஓர் இடுக்கி, பண்டபர்க்கில் ஒரு புட்டி, குறைமாதக் குழந்தைகளின் தொட்டிலருகே ஒரு காப்புப் பொருள். மூன்று இடங்களிலும் பிழை வேறு வேறு. ஆயினும் கையிலிருந்த திரவத்தில் தீங்கு இருப்பதை ஊசி போட்டவர்கள் எங்கும் அறியவில்லை. நீரின் தெளிவைக் கொண்டு அதன் தகுதியைக் கண்ணால் அறிய இயலாது. ஆதலால்தான் புட்டியின் மேலொட்டிய சீட்டில் அதன் பெயரும், சேர்த்த பொருளும், திறந்த நாளும் எழுதப்படுகின்றன. அச்சிறு சீட்டைப் படித்த பின்னரே ஊசியை எடுப்பது என்னும் பழக்கம், மாண்டவர்கள் விட்டுச் சென்ற பாடமாகும்.