வெபியின் சட்டையும் டுங்கியும்

1925இல் பர்மாவிலிருந்து வந்து அந்தமானின் மாயாபந்தர் அருகே வெபி என்ற ஊரை அமைத்த கரென் இனக் குடும்பங்களை அவர்களுடைய நெசவுக்காக யாரும் அழைக்கவில்லை. மரம் வெட்டத்தான் அழைத்தார்கள். அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவதைக் கைவிட 1921இல் முடிவாகியிருந்தது. ஆகவே கைதிகளின் உழைப்பை இனி நம்பியிருக்க முடியாது; படாக் மரத்துக்கோ உலகச் சந்தையில் கிராக்கி. யானையோடும் காட்டோடும் பழகிய கைகள் வனத்துறைக்கு வேண்டியிருந்தன. ஆள் சேர்க்க உதவியவர் ஹாரி இக்னேஷியஸ் மார்ஷல். இன்செயினில் இருந்த கரென் இறையியல் கல்லூரியின் தலைவர், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி. கரென் மக்களின் வீடு, உடை, கருவி, முரசு எல்லாவற்றையும் விவரித்து 1922இல் தடித்த ஒரு நூல் வெளியிட்டவரும் இவரே. அந்தப் பொருள்களைப் பர்மாவின் சூழலில் வைத்து எழுதியவர், அந்தச் சூழலே இல்லாத ஒரு கரைக்கு அவற்றின் சொந்தக்காரர்களில் சிலரை அனுப்பிவைத்தார். அன்றாடப் பொருளின் பண்பாட்டு அர்த்தம் எங்கே இருக்கிறது என்று சோதிக்க இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

அதே 1925இல்தான் ஜப்பானில் கலைச் சிந்தனையாளர் யனாகி சோயெட்சுவும் அவருடைய குயவ நண்பர்களும் சாமானியர் கைவினைக்கு ‘மிங்கேய்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் தெரியாத கைவினைஞன், தினசரிப் புழக்கத்துக்காகச் செய்த கிண்ணத்தில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை தந்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் நம் செம்பை அப்படித்தான் வியந்தார்கள்: தனி ஒருவர் வடிவமைத்ததல்ல, தலைமுறைகள் புழங்கிப் புழங்கிச் செதுக்கிய வடிவம் என்று. இந்த இரு பார்வைகளும் அர்த்தத்தை வடிவத்துக்குள் தேடுகின்றன. இது பாதி உண்மைதான். வடிவம் துளியும் மாறாமல் அர்த்தம் மட்டும் இடம்பெயரும் என்பதை வெபியின் சட்டை காட்டுகிறது.

கரென் சட்டை தறியில் பிறந்த உடை. நெசவு செய்பவள் பாவின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பைச் சுற்றிய பட்டையில் பூட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தே நூலை விறைப்பாக்குகிறாள். அவள் கைக்கு எட்டும் அகலம்தான் துணியின் அகலம். அப்படி நெய்த குறுகிய பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, கழுத்துக்கும் கைக்கும் இடம் விட்டுத் தைத்தால் சட்டை. கத்தரிக்கு வேலை குறைவு. மணமாகாத பெண்ணுக்குக் கால்வரை நீளும் வெள்ளை அங்கி. மணமானவளுக்குக் கைலியும், புல்லில் விளையும் கெட்டி வெண்விதைகளைக் கோத்து அலங்கரித்த கறுப்பு மேற்சட்டையும். பர்மாவின் கரென் ஊரில் இந்த உடை கரெனுக்குக் கரெனைப் பற்றிச் சொன்னது: இவள் கன்னி, அவள் மனைவி. ஊரே கரென் என்கிறபோது ‘நான் கரென்’ என்று சட்டை அறிவிக்க வேண்டிய தேவை குறைவு. மாயாபந்தரிலோ 1949க்குப் பின் கிழக்கு வங்கத்து அகதிகள் குடியேறினார்கள்; ராஞ்சித் தொழிலாளர்களும் தமிழரும் தெலுங்கரும் இருக்கிறார்கள். வெள்ளைப் புடவை கைம்பெண்ணின் அடையாளமாக இருந்த வங்காளிகள் நடுவில், தமிழர் நடுவிலும்தான், கன்னிப் பெண்ணின் வெள்ளை அங்கி நடமாடுகிறது. அங்கே அது முதலில் சொல்வது மணமாகாதவள் என்பதை அல்ல, கரென் என்பதை.

இன்று திருமணம், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களில் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் உடை வெறும் வேடம்தானே, அதில் உயிர் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அன்றாடம் உடுத்தியபோது அந்தச் சட்டையை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வேறு உடை இல்லை, அவ்வளவே. கடைச் சட்டை கையருகே இருக்கும்போது இதை எடுத்து உடுத்துவது ஒரு முடிவு. புழக்கம் குறைந்தது, உண்மை. அர்த்தம் குறைந்தது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. எங்கள் பட்டு வேட்டிக்காரர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

இன்னொரு ஆட்சேபம் கூர்மையானது. பொருளைச் செய்தவர்தான் அதன் பண்பாட்டுக்குச் சொந்தக்காரர், பயன்படுத்துகிறவரும் பார்க்கிறவரும் கூட்டிச் சேர்ப்பது பிறகு வந்தது என்பது அது. இதற்குப் பதில் கரென் மக்களின் வெண்கல முரசிலேயே இருக்கிறது. மேல் விளிம்பில் தவளைகள், பக்கத்தில் வரிசையாக இறங்கும் யானைகளும் நத்தைகளும்: இதைவிடக் கரென் அடையாளமான பொருள் வேறில்லை; பர்மாவில் உரிமைக்காகப் போராடிய கரென்கள் அதைத் தங்கள் கொடியிலேயே வைத்தார்கள். அந்த முரசுகளை வார்த்தவர்களோ ஷான் இனக் கன்னார்கள், குறிப்பாக ங்வேடவுங் பகுதியில். கரென்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், மழைக்காகவும் ஈமச்சடங்குக்காகவும் அடித்தார்கள், தலைமுறை தாண்டிக் காத்தார்கள். அவர்களுடையதாக அது ஆனது அப்படித்தான்.

இதே தர்க்கத்தை மறுபக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வசதியான வாதமாகிவிடும். சட்டை உரத்துப் பேசுகிறது என்றால் டுங்கி வாயே திறப்பதில்லை. ஒரே அடிமரத்தைக் குடைந்து வயிறாக்கி, வேண்டுமானால் மேலே பலகை கட்டி உயர்த்தும் படகு அது. நடு அந்தமானில் டுங்கி செய்வதில் கரென் தச்சர்களின் கை பேர்பெற்றது. வாங்கி ஓட்டுபவர் வங்காளியாகவோ தெலுங்கராகவோ இருப்பார், எஞ்சினும் பொருத்திவிடுவார். கரையில் அதைப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது கரென் பொருள் அல்ல, படகு. அந்தமான் வனத்துறையின் மரப் பட்டியலில் பியின்மா, திட்போக் என்று பர்மியப் பெயர்கள் யார் கவனத்தையும் ஈர்க்காமல் உட்கார்ந்திருப்பதும் இதே வகை. எல்லாருக்கும் பயன்பட்ட பொருள் எவருடைய அடையாளமாகவும் நிற்பதில்லை. இதை இழப்பு என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை: தீவின் பொது வாழ்வுக்குள் கரென் கைத்திறன் நுழைந்த வாசல் இதுதான். இழப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 2002 மே மாத உச்ச நீதிமன்ற ஆணை தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டைக் காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் முழு அடிமரம் இல்லாமல் டுங்கி குடைய முடியாது. காட்டை வெட்டவென்றே அழைத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு மரத்துக்கு அனுமதி கேட்டு நிற்க வேண்டிய நிலை.

ஆகவே கரென் பொருள்களைக் காட்சிக்கு வைக்க நினைக்கும் எவரும் சட்டையையும் தோள்பையையும் மட்டும் கண்ணாடிக்குள் தொங்கவிட்டு, டுங்கியை மீன்பிடிப் பிரிவுக்குத் தள்ளினால் கதையில் பாதியைத்தான் சொல்வார்கள். சட்டையின் குறிப்பில் அதை நெய்தவளோடு, அதைப் பார்த்த அண்டை வீட்டார் யார் என்பதும் வேண்டும். படகின் குறிப்பில் அது எந்த மரம், யார் குடைந்தார், எந்த ஊர்க்காரர் வாங்கிக் கடலில் இறக்கினார் என்பது வேண்டும்.