சரத்தின் முனை முடிச்சு

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் பூ கட்டும் பெண் சரத்தின் முனையில் போட்ட முடிச்சைப் பார்த்தபோதுதான் டெலோமியர் எனக்குப் புரிந்தது. குரோமோசோமின் முனைகளைக் காக்கும் முடிச்சு அது. செல் பிரியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். மிகவும் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். தேய்ந்ததை நீட்டித் தரும் டெலோமரேஸ் நொதியை 1984இல் கண்டவர்கள் கரோல் கிரெய்டரும் எலிசபெத் பிளாக்பர்னும். பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் இந்த நொதியால்தான் சாகாவரம் பெறுகின்றன. அதைத் தடுக்கும் இமெடெல்ஸ்டாட் மருந்துக்கு, எலும்பு மச்சையைத் தாக்கும் நோய் ஒன்றுக்காக, 2024இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

ஆனால் இந்த வரலாற்றை 2009ஆம் ஆண்டின் நோபல் பரிசிலிருந்து தொடங்க எனக்கு மனமில்லை. 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் பால்டிமோரில் இறந்த கறுப்பினப் பெண் ஹென்ரியெட்டா லாக்ஸ். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் பெருகுகின்றன. மனிதச் செல்லில் டெலோமரேஸை முதலில் கண்டதும், 1989இல், அவற்றில்தான். அவர் பெயரோ நெடுங்காலம் ‘ஹீலா’ என்ற சுருக்கத்துக்குள் கிடந்தது.

நம் பக்கத்தில், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த வி. சாந்தா, 2021இல் இறக்கும்வரை அதை விட்டுப் போகவில்லை.

செங்கல்பட்டில் என் வகுப்பில் இவர்கள் கதைகளைச் சேர்த்தே சொல்வேன். ஒருநாள் ஒரு மாணவி எழுந்தாள்: “அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மேடம்?”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.