மாரடைப்பின் பிள்ளைப் பருவம்

கொரியப் போரில் மாண்ட 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஈனோஸ், ஹோம்ஸ், பேயர் என்னும் மூன்று மருத்துவர்கள் ஆராய்ந்தனர். வீரர்களின் சராசரி வயது 22. களத்தில் மாண்ட அவர்களை இதய நோயாளிகள் என்று எவரும் எண்ணியதில்லை. ஆயினும் நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் தென்பட்டது. 1953ஆம் ஆண்டு இம்முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்தது. முதுமையின் பிணி என்று கருதப்பட்டது, மீசை அரும்பும் பருவத்திலேயே வேர்விட்டிருந்தது.

உண்மையில் அது இன்னும் முன்பே தொடங்குகிறது. லூசியானா மாநிலத்துப் போகலூசா என்னும் சிற்றூரில், 1970களின் தொடக்கம் முதல் ஜெரால்டு பெரன்சன் பள்ளிப் பிள்ளைகளின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஆண்டுக்கணக்கில் அளந்து வந்தார். அவ்வூரில் இளமையிலேயே இறந்தோரின் உடல்களை ஆராய்ந்த முடிவு 1998இல் வெளிவந்தது. 2 முதல் 15 வயது வரையிலானோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத் தமனியில் கொழுப்புக் கீற்றுகள் இருந்தன. கீற்று தோன்றிய அனைவருக்கும் மாரடைப்பு வருவதில்லை என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்க. ஆனால் உடற்பருமன், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றுள் எத்தனை ஒருவரிடம் சேர்ந்திருந்தனவோ, அந்த அளவுக்குக் கீற்றுகளும் படர்ந்திருந்தன.

நம் பகுதியின் வரலாறோ வேறு திசையில் ஓடியது. இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவைச் சிகிச்சை 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் நடந்தது. அதைச் செய்த மருத்துவர் கே.எம். செரியன் பின்னாளில் முகப்பேரில் இதய மருத்துவமனைகளை உருவாக்கினார். அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முகப்பேருக்கு விரைவது பழக்கமாயிற்று. பழுதான இதயத்தைச் சீராக்குவதில் நாம் முந்திவிட்டோம். பிள்ளைகளை அளந்து பார்ப்பதில் பிந்தினோம்.

சென்னையின் 51 பள்ளிகளில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்த முடிவு 2014இல்தான் வெளிவந்தது. தனியார் பள்ளிகளில் நூற்றுக்கு 21 பேர் மிகை எடையினர். அரசுப் பள்ளிகளில் நால்வருக்கும் குறைவு. இவ்வேறுபாட்டைப் படிப்பின் தரத்தோடு சேர்த்துப் பார்ப்பது பிழை. இது வசதியின் கணக்கு. தொழிற்பேட்டைக்கும் டாங்கித் தொழிற்சாலைக்கும் சைக்கிள் மிதித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று வேனில் ஏறிப் பள்ளி செல்கின்றனர். மாலையில் பரோட்டா, குளிர்பானம், கைபேசி. (நோன்பு திறக்கும் விரிப்பில் கஞ்சியை ஓரங்கட்டிவிட்ட சமோசாக்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

5 முதல் 17 வயது வரையிலானோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அதற்கு மேலும் நேரம் உண்டு. ஒரு காலத்தில் அது நம் தெருக்களில் பிள்ளைகள் பந்து விரட்டிய நேரம். இப்போது டியூஷன் நேரம்.