மூலக்கூற்றியக்கக் கணிப்பு மென்பொருளின் வரலாறு

விஞ்ஞான வரலாறு கூறுவோர் கண்டுபிடிப்புகளையே பெரிதும் போற்றுவர். அவற்றுக்கு உதவிய கருவிகள் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்கு எவ்வாறு சென்றன என ஆராய்வோர் சிலரே. ஆயினும், ஓர் ஆய்வுகூடத்திற் பெற்ற முடிவைப் பிறிதோர் ஆய்வுகூடத்தார் தாமே செய்து பார்த்து ஒப்பும்போதுதான் அது விஞ்ஞானமாக நிலைபெறுகின்றது. மூலக்கூற்றியக்கக் கணிப்பு என்னும் துறை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இத்துறையின் அடிப்படை எளிது. அணுக்கள் ஒன்றன்மேலொன்று செலுத்தும் விசையைக் கணித்து, நியூற்றனின் விதிகொண்டு ஆர்முடுகலைப் பெற்று, மிகச் சிறிய கால இடைவெளியின் பின் ஒவ்வோரணுவும் எங்கே நிற்கும் எனக் காண்பதே அது. ஒரு செக்கனைக் கோடி கோடியாகப் பகுத்து, அதில் ஒரு பகுதியை மேலும் பத்தாகப் பகுத்தால் வருவது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அவ்விடைவெளி. ஆதலின் இலட்சக்கணக்கான படிகள் வேண்டப்படும். மனிதர் கையாற் செய்து முடிக்கக் கூடிய கணக்கன்று இது.

1957 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஆல்டர், வெயின்றைற் என்போர், ஒன்றையொன்று ஈர்க்காத வன்கோளங்களும் போதிய நெருக்கத்தில் திண்ம ஒழுங்கை அடையும் எனக் கணினிகொண்டு காட்டினர். 1964 இல், ஐதராபாத்தில் பிறந்து ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அனீசுர் ரகுமான், 864 அணுக்களைக்கொண்டு திரவ ஆகனின் இயக்கத்தைக் கணித்தார். அவர் பயன்படுத்தியது சி.டி.சி. 3600 என்னும் பொறி.

அக்காலத்திற் செய்நிரல்கள் பொறியோடு பிணைந்திருந்தன. 1957 இல் வெளிவந்த போட்ரான் மொழி அப்பிணிப்பை ஓரளவு தளர்த்தியது, முற்றாக நீக்கவில்லை. சி.டி.சி. 3600 ஒரு சொல்லை 48 துவித இலக்கங்களில் வைத்தது. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 பொறியோ 32 இலக்கங்களில் வைத்தது. ஒரே கணக்கு இரு பொறிகளில் இருவேறு நுணுக்கத்துடன் நடந்தது. தசம எண்களைக் கணினியில் வைக்கும் முறைக்குப் பொதுநியமம் 1985 இலேதான் வந்தது.

பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் தோன்றிய யூனிக்ஸ் 1973 இல் சி மொழியில் மீள எழுதப்பட்டது. பணிசெயல் முறைமையொன்று பொறிவிட்டுப் பொறி செல்ல இது வழி திறந்தது. 1991 இல் லினக்ஸ் பிறந்தது. 1990களில் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்திற் சி மொழியில் குரோமாக்ஸ் உருவாயிற்று. முதலிற் போட்ரானில் இருந்த லாம்ப்ஸ், 2004 இல் சி++ மொழியில் மறுபடி எழுதப்பட்டது.

மூலநிரல் ஒன்றாயினும் அதனை ஒவ்வொரு பொறிக்கும் ஏற்பத் தொகுத்தல் வேண்டும். சீமேக் என்னுங் கருவி, தொகுப்பான் உளதா, நெடுந்தூர மின்விசையைக் கணிக்க உதவும் பூரியர் மாற்ற நூலகம் உளதா, செயலி எவ்வகைக் கட்டளைகளை ஏற்கும் என்பவற்றை முதலில் ஆராயும். லினக்சில் இவை எளிதிற் கிடைக்கும். அப்பிள் தரும் தொகுப்பானுடன் இழைமுறைக் கணிப்புக்கு வேண்டிய ஓபன்எம்பி நூலகம் வருவதில்லை. அதனைத் தனியே நிறுவல் வேண்டும். விண்டோசில், 2016 இல் வந்த லினக்ஸ் துணைமுறைமை இப்பணியை இலகுவாக்கிற்று. புதிய செயலிக்கெனத் தொகுத்த நிரல் பழைய செயலியில் இடையே நின்றுவிடுவதும் உண்டு.

இவற்றினும் நுண்ணியதொரு வினாவுண்டு. கூட்டலின் ஒழுங்கு மாறினால் இறுதி இலக்கம் மாறும். அச்சிறு வேறுபாடு படிதோறும் பெருகி, அணுக்களின் பாதைகளை முற்றும் வேறாக்கும். அங்ஙனமாயின் எப்பொறியின் விடை மெய்? தனியணுவின் பாதை மாறினும், வெப்பநிலை, அமுக்கம் முதலியவற்றின் சராசரி வழுவெல்லைக்குள் மாறாது என்பதே விடை. எனவேதான் தொகுத்தபின் சோதனைக் கணக்குகளை இயக்கி ஒப்புநோக்குதல் இன்றியமையாததாயிற்று. அதனைச் செய்யாதார், பொறியின் பிழையை இயற்கையின் இயல்பெனக் கொள்ளும் இடருக்குள்ளாவர்.

2013 இல் காப்ளசு, லெவிற், வார்செல் ஆகிய மூவர் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றபோது உலகம் இத்துறையின் பெருமையை அறிந்தது. அப்பெருமைக்கு அடித்தளமாயமைந்தது, செய்நிரல்களைப் பிறரும் தத்தம் பொறிகளில் இயக்கிச் சரிபார்க்குமாறு செய்த பலரின் பொறுமையான உழைப்பாகும். தன் பொறியோடு மாயும் அறிவு ஒருவருக்கே உரியது. பிறர் பொறியிலும் நின்று மெய்யாவதே உலகுக்குரியது.